நான் மூடிய ஆணி

போன வாரம் ரம்யா என்கிற பெண் போன் செய்தாள். திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த படக்கூடத்தில் இப்போது ஆன்லைன் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறவள். "மேரியம்மா, பழைய ஆளுங்களோட அனுபவத்தையெல்லாம் வெப்சைட்ல போடலாம்னு இருக்கோம். நீங்க ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன். படிக்கிறவங்களுக்கு நல்லா ஃபீல் ஆகணும், அவ்ளோதான்" என்றாள். முப்பத்தொரு வருஷ வேலையில் நல்லா ஃபீல் ஆகிற மாதிரி இரண்டு பக்கம் தேறுமா என்று யோசித்துப் பார்த்தேன். தேறவில்லை. தேறியது இதுதான். வெப்சைட்டில் போடுவார்களோ மாட்டார்களோ, நான் எழுதிவிட்டேன்.

எங்கள் கூடத்தில் என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரர்கள் வரைந்து, இன்று அவர்கள் ஊர் மியூசியங்களில் தொங்குகிற ஓவியங்களின் பிரின்ட் எங்களுக்கு வரும். அதைப் பார்த்துக் கேன்வாஸில் ஆயில் பெயின்டால் கையாலேயே நகல் எடுப்போம். வாங்குகிறவர்கள் வீட்டு ஹாலில் சோபாவுக்கு மேலே மாட்டிக்கொள்வார்கள். பாதி பாண்டிச்சேரிக் கடைகளுக்குப் போகும், மீதி சென்னை அடுக்குமாடி வீடுகளுக்கு. கூடம் இருந்தது மரக்காணம் ரோட்டில், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆட்டுகிற ஓர் எண்ணெய் மில்லுக்கு அடுத்த கட்டடத்தில். மில்லின் புண்ணாக்கு வாசனைக்கு ஈ மொய்க்கும். மொய்த்த ஈக்கள் எங்கள் பிரின்ட் தாள்களின் மேல் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகக் கழித்துவிட்டுப் போகும். எது ஓவியத்தின் புள்ளி, எது ஈயின் புள்ளி என்று பிரித்துப் பார்த்து வரைவதும் எங்கள் வேலையில் ஒரு பங்கு.

ஒரு படத்தை ஒரே ஆள் வரைவதில்லை. கட்டம் போட்டுப் பென்சில் கோடு இழுக்க ஒருவர். சுவர், வானம், இருட்டு என்று பின்னணிக்கு ஒருவர். துணிக்கு ஒருவர், பாத்திரம் பண்டத்துக்கு ஒருவர். எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு கடைசியில் முகம். முகம் போடுகிறவர்களுக்கு வடக்கு ஜன்னலோரம் மேசையும் சாய்மான நாற்காலியும் உண்டு. மற்றவர்களுக்கு ஸ்டூல். டீ வந்தால் முதல் கிளாஸ் அந்த மேசைக்குத்தான் போகும். கடைக்காரர்கள் யாராவது பார்க்க வந்தால் நேராக ஜன்னலோரம் போய், "இது நீங்க போட்டதா சார்?" என்று முகக்காரரைத்தான் கேட்பார்கள். சுவரைப் பார்த்து யாரும் படம் வாங்கியதில்லை.

நான் சுவர்.

கோலியனூர் பக்கத்துக் காலனியில் பிறந்தவள் நான். அம்மா நடவுக்குப் போவார். அப்பா விழுப்புரத்தில் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அடுப்புக்கரியால் முகம் வரைகிற பழக்கம் உண்டு. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா, ரேஷன் கடைக்காரர், கோயிலுக்கு வருகிற சாமியார் என்று யாரையும் விட்டுவைத்ததில்லை. கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, இருபத்தேழு வயதில் திண்டிவனத்தில் குடியிருந்தபோது இந்தக் கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். நோட்டு முழுக்க முகம்தான்.

சூப்பர்வைசர் கண்ணபிரான் சார் நோட்டைக் கடைசிப் பக்கம்வரை நிதானமாகப் புரட்டினார். பிறகு கேட்டார்.

"அப்பா இன்னா பண்றாரு?"

"சுண்ணாம்பு அடிக்கிறாருங்க."

"அப்பிடிப் போடு! செவுரு உன் ரத்தத்துலயே இருக்குது. பின்னணிக்குப் போம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலை கிடைத்த சந்தோஷம், எதற்கும் சிரிப்பு வரும். அந்த ஒரு வார்த்தையைத் தாண்டி வர எனக்கு முப்பத்தொரு வருஷமும் போதவில்லை. அடுத்த வாரமே என் பெயர் செவுரு மேரி ஆகிவிட்டது.

முதல் இரண்டு வருஷம் பிரஷ் கழுவினேன், கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்து அடித்தேன், அடிப்பூச்சு பூசினேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணபிரான் சாரைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அதற்குமுன் விழுப்புரத்தில் சினிமா பேனர் வரைந்தவர். நாற்பதடி உயரத்துக்கு மூக்கு போட்டவர் என்பதால் முகம் என்றால் அவருக்கு உயிர். கூடத்துக்குள் வரும்போது செருப்பை வாசலில் விட்டுவிடுவார். நடப்பது காதில் விழாது. நாம் வரைந்துகொண்டிருக்கும்போது பின்னால் வந்து, படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டைப் பையிலிருந்து ஷேவிங் கண்ணாடியை எடுத்துத் தோளுக்கு மேல் பிடிப்பார். படத்தைக் கண்ணாடியில்தான் பார்ப்பார். "பழகுன கண்ணுக்குத் தப்பு தெரியாதும்மா. இடம் வலமா மாறிச்சின்னா தப்பு தானா எழுந்து நிக்கும்" என்பார். சரியாக இருந்தால் ஒரு "ம்". சரியில்லை என்றால் ஒரு வார்த்தை பேசமாட்டார். பெயின்ட் சுரண்டுகிற கத்தியை நம் ஸ்டூலின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். எங்கே தப்பு என்று நாமே கண்டுபிடித்துச் சுரண்ட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வருவார். தப்பான இடத்தைச் சுரண்டியிருந்தால் கத்தி அங்கேயே இருக்கும், அவர் போய்விடுவார். ஒரு நாள் மூன்று இடத்தைச் சுரண்டிவிட்டுக் கக்கூஸில் போய் அழுதிருக்கிறேன். ஆனால் நான் பார்க்கக் கற்றுக்கொண்டது அந்தக் கத்தியால்தான். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள்.

சுவர் போடுவது என்றால் வெள்ளை அடிப்பது என்று நினைக்கிறவர்கள் உண்டு. வெள்ளைச் சுவரில் வெள்ளை எங்கேயாவது ஓர் இடத்தில்தான் இருக்கும். மற்ற இடமெல்லாம் சாம்பல், நீலம், மண் நிறம், கொஞ்சம் மஞ்சள். முதலில் பழுப்பும் நீலமும் கலந்து டர்பன்டைனில் கரைத்து மெல்லிசாக ஒரு பூச்சு. அது காய இரண்டு நாள். அதன்மேல் பன்றிமுடி பிரஷால் கெட்டியான சாம்பலைத் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. பிறகு பழைய கைலித் துணியைச் சுருட்டி அங்கங்கே ஒத்தி எடுத்தால் காரை பெயர்ந்த சொரசொரப்பு வரும். கடைசியில் எங்கே வெளிச்சம் விழுகிறதோ அங்கே மட்டும் வெள்ளை. கண்ணபிரான் சார் என்னைக் கேலிக்குச் சுவருக்கு அனுப்பினார் என்றாலும், எனக்குச் சுவர் தெரியும் என்பது நிஜம். அப்பாவோடு போய் வாளி தூக்கிய நாட்களில் பார்த்த சுவர்கள் எத்தனையோ. படம் கழற்றிய இடத்தில் நிறம் வேறாக இருக்கும். ஆணி பிடுங்கிய ஓட்டையின் கீழ் உதடு வெளிச்சமாகவும் மேல் உதடு இருட்டாகவும் இருக்கும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

இருந்தாலும் எனக்கு வேண்டியது முகம். ஒவ்வொரு பொங்கலுக்கு முன்பும் கரியில் ஒரு முகம் வரைந்து கொண்டுபோய் அவரிடம் காட்டுவேன். "நல்லாத்தான் கீது. ஆனா தோலு வேற விஷயம்மா. பாக்கலாம்" என்பார். தோலின் நிறம் எப்படிக் கலக்கிறார்கள் என்பது ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். பெயின்ட் டியூப் எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கும். காசு சேர்த்து வாங்கி வீட்டில் முயன்று பார்க்கலாம் என்றால், டர்பன்டைன் வாசனை பட்டாலே என் வீட்டுக்காரருக்கு மூச்சு இரைக்கும். ஒற்றை அறை வீடு. ஆக, பாக்கலாம் என்பதை நம்பிக்கொண்டே பதினெட்டு வருஷம் போனது.

அந்தப் பதினெட்டாவது வருஷத்தில்தான் பால் ஊற்றுகிற பெண் வந்தாள். ஜன்னலோரம் நின்று ஒரு வேலைக்காரப் பெண் மண் பாத்திரத்தில் பால் ஊற்றுகிற படம். தலையில் வெள்ளைத் துணி, மஞ்சள் ரவிக்கை, நீல முன்துணி. எங்கள் கூடத்துக்கு அது புதுசு. மூன்று நகல் கேட்டிருந்தார்கள். படத்தில் முக்கால் இடம் வெறும் சுவர். பிரின்ட்டைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதை வரைந்தவன் யாரோ, அவனுக்குச் சுவர் தெரிந்திருந்தது. ஈரம் ஏறிய மூலை, சுண்ணாம்பு உதிர்ந்த இடம், எப்போதோ எதையோ மாட்டியிருந்த ஓட்டைகள், மேலே வலது பக்கம் பிடுங்காமல் விட்ட ஓர் ஆணி. அந்த ஆணிக்கு ஒரு சின்ன நிழல்கூட இருந்தது. முதல்முறையாக, முகக்காரரைப் பார்த்து எனக்குப் பொறாமை வரவில்லை.

கண்ணபிரான் சார் தங்கச்சி மகள் கல்யாணத்துக்காக விழுப்புரம் பக்கம் காணை கிராமத்துக்குப் போனவர் இரண்டு வாரம் வரவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் மூன்று சுவரையும் முடித்துவிட்டேன். ஆணியின் தலைக்குப் பெயின்டைத் தடித்து வைத்தேன். வெளிச்சம் பட்டால் நிஜ ஆணி போலவே கொஞ்சம் தூக்கி நிற்கும். மூன்றும் நன்றாகக் காய்ந்திருந்தன.

வந்தவர் கண்ணாடியைத் தோளுக்கு மேல் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். "ம்" வரவில்லை. கத்தியும் வைக்கவில்லை. திரும்பி நேராகவே பார்த்தார்.

"இன்னாம்மா மேரி, ஈ கழிச்சதையெல்லாம் வரஞ்சி வெச்சிக்கினு இருக்கே?"

"இல்லங்க சார். அது ஆணிங்க. இதெல்லாம் ஆணி புடுங்கின ஓட்டை. தாள்ல பாருங்க, நெழலு விழுது."

தாளைக் கையில் எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவர் நின்ற நிலையிலேயே எனக்குத் தெரிந்தது. நாற்பதடி முகம் வரைந்தவர், அந்தக் கண்ணுக்கு அதுகூடத் தெரியாமலா போகும்? ஆனால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈ என்று சொல்லியாகிவிட்டது.

"சரி, ஆணியே ஆவட்டும். வூட்ல மாட்டற படம்மா இது. அவங்க செவுத்துல ஒரு ஆணி அடிச்சி, அந்த ஆணில இந்தப் படத்த மாட்டுவாங்க. மாட்டுன படத்துக்குள்ள இன்னொரு ஆணியா? பாக்கறவன் சிரிக்க மாட்டான்? ஹால்ல தொங்கறது சுத்தமா இருக்கணும். மூடிடு, ஜல்தி."

"சார், படத்துல இருக்கறதுங்க..."

"மூடிடுன்னேன்."

மூடினேன். சுரண்டிவிட்டு மூடுவதுதான் முறை. சுரண்ட எனக்கு மனம் வரவில்லை. மூன்று படத்திலும் ஆணியின் மேலேயே சாம்பலை ஒத்தி மறைத்தேன். ஓட்டைகளையும் மறைத்தேன். பிறகு துணிக்காரர், பாத்திரக்காரர், முகக்காரர் என்று வரிசையாகப் போய்ப் படங்கள் பாண்டிச்சேரிக் கடைக்குப் போய்விட்டன.

இரண்டு மாதம் கழித்துக் கடையிலிருந்து முதலாளிக்குப் போன் வந்தது. ஒரு படத்தை வாங்கியவர் விழுப்புரத்தில் இருந்த ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியை. பெயர் வசந்தா. அந்த ஓவியத்தின் பழைய பிரின்ட் ஒன்றை வகுப்பறையில் மாட்டி, சுவரில் எத்தனை ஓட்டை, ஆணி எங்கே என்று வருஷா வருஷம் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருந்தவராம். அப்படியே அச்சாக எடுத்த நகல் என்று சொல்லி விற்றீர்களே, ஆணி எங்கே என்று கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார். மற்ற இரண்டு படத்தை வாங்கியவர்கள் வாயே திறக்கவில்லை. அவர்கள் இன்றைக்கும் ஆணி இல்லாமல்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முதலாளி சென்னையிலிருந்து சத்தம் போட்டார். யார் செய்தது என்று தெரிய வேண்டும், ஆளை அனுப்பி அந்த வீட்டிலேயே சரிசெய்துகொடுக்க வேண்டும் என்றார். அன்று சாப்பாட்டு நேரத்தில் கண்ணபிரான் சார் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். மில் சுவரோரம் நின்றோம்.

"மேரி, நான் ரிட்டயர் ஆவ இன்னும் ரெண்டு வருசம்தான். இந்த நேரத்துல என் பேர்ல ஒரு புள்ளி விழக்கூடாது. நீ கவனிக்காம வுட்டுட்டன்னு சொல்லிடு. வேலையவுட்டு எடுக்க வுட மாட்டேன், அது என் பொறுப்பு."

கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பொங்கல் கழிச்சி மூஞ்சி மேசையில உக்காந்துடு. நானே தோலு கலக்கச் சொல்லித்தர்றேன்."

பயந்துபோய் ஒத்துக்கொண்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு என்மேல் இரக்கம் வரும். பயமெல்லாம் இல்லை. ஆசை. பதினெட்டு வருஷ ஆசை. "சரிங்க சார்" என்றேன், அவர் வாய் மூடுவதற்குள்.

இரண்டு பேரும் திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினோம். அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பெயின்ட் பெட்டியோடு பின்னால். விக்கிரவாண்டி தாண்டுகிறவரை மனதுக்குள் தோல் நிறத்தைக் கலந்துகொண்டே போனேன். என்ன செய்யப் போகிறோம் என்பது பற்றி ஒரு துளிக் கவலை இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் வீடு. வசந்தா டீச்சர் ஒல்லியான மனுஷி. கோபமாக இருப்பார் என்று நினைத்தோம். அவர் எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். படத்தைக் கழற்றி ஜன்னலோரம் நாற்காலியில் சாய்த்துவைத்திருந்தார். "சுவரை யார் வரைஞ்சது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "இந்த மாதிரி சுவரை நான் பார்த்ததே இல்லம்மா. ஈரத்தைத் தொட்டுப் பார்க்கலாம்போல இருக்கு" என்றார். அந்தக் கூடத்தில் பதினெட்டு வருஷமாக ஒருவரும் சொல்லாத வார்த்தை அது.

சொல்லிக்கொண்டே சுவரின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். வலது பக்கம் மேலே போனதும் விரல் நின்றது. திரும்ப அதே இடத்தில் தடவினார். என்னையும் தடவச் சொன்னார். பெயின்டுக்கு அடியில் ஆணியின் தலை மேடாக இருந்தது.

"ஆணியைப் போட்டிருக்கீங்க. போட்டுட்டு மூடியிருக்கீங்க. ஏன்?"

கண்ணபிரான் சார் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுக்குன்னு நெனச்சிட்டேங்க டீச்சர். தாள்ல ஈ உக்காந்த புள்ளின்னு நெனச்சி மூடிட்டேன். தப்பு என்னுதுதாங்க."

"நெழலோட வரைஞ்சிருப்பீங்களே. ஈ கழிச்ச புள்ளிக்கு நெழல் உண்டா?"

"கவனிக்கலங்க."

"யாராவது மூடச் சொன்னாங்களா?"

அவர் கேட்ட விதத்தில் குற்றம் கண்டுபிடிக்கிற தொனி இல்லை. வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளையை எழுப்பிக் கேட்கிற மாதிரி கேட்டார். எனக்காகத்தான் கேட்டார். எனக்கு அது அப்போதே தெரியும்.

"யாரும் சொல்லலங்க. நானேதான்" என்றேன்.

டீச்சர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் பெட்டியைத் திறந்து வேலையை ஆரம்பித்தேன். மேலே ஒத்தியிருந்த சாம்பலை மெதுவாகச் சுரண்டினேன், ஆணி கிடைத்தது. ஓட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தேன். நிழலை வைத்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், கொண்டுபோன பிரின்ட் தாள் பையைவிட்டு வெளியிலேயே வரவில்லை. பார்க்காமலே அத்தனையையும் அதனதன் இடத்தில் வைத்திருக்கிறேன். ஈப்புள்ளி என்று நினைத்து மறைத்தவளுக்கு இடம் எப்படி மனப்பாடம் ஆகும்? டீச்சர் என் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நன்றிம்மா" என்று மட்டும் சொல்லி, எங்களை வாசல்வரை வந்து அனுப்பினார்.

பஸ்ஸில் கண்ணபிரான் சார் திரும்பிப் பார்த்து, "நல்லா சமாளிச்சே" என்றார்.

பொங்கல் வந்தது. "சித்திரை வரட்டும்மா, இப்ப ஆர்டர் ஜாஸ்தி" என்றார். சித்திரையில் அவருடைய மச்சான் மகன் மூஞ்சி மேசையில் உட்கார்ந்தான். "பையன் சும்மா சுத்திக்கினு இருந்தான், ஒரே பேஜாரு, அக்கா அழுவுறாங்க. உன்னுது எங்க போயிடப்போவுது?" என்றார். நான் அவரிடம் சண்டை போடவில்லை. என்னவென்று போடுவேன்? நீங்கள் சொல்லச் சொன்ன பொய்யைச் சொன்னேன், அதற்குக் கூலி கொடுங்கள் என்றா? ஆணியை விட்டவள் என்கிற பெயர் கூடம் முழுக்கப் பரவியிருந்தது. சுவர் ஒன்றுதான் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது, அதிலும் கண் போதாதவள் என்று ஆனேன். அதன்பிறகு என் சுவர்களைத் துணிக்காரர்கூட இரண்டு தடவை தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் துணியை ஆரம்பிப்பார். கண்ணபிரான் சார் சொன்னபடி இரண்டு வருஷத்தில் ரிட்டயர் ஆனார், ஒரு புள்ளி இல்லாமல். மாலை போட்டோம். நானும் போட்டேன்.

நான் வேலையை விட நாலு வருஷம் இருந்தபோது பெரிய பிரின்டிங் மெஷின் வந்தது. ஓவியத்தைக் கேன்வாஸிலேயே அச்சடித்துத் தள்ளிவிடும். முகக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புது மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க இனிமே மூஞ்சி செக்ஷன்" என்றார். ஜன்னலோர மேசை, சாய்மான நாற்காலி எல்லாம் கிடைத்தது. வேலை இதுதான். அச்சான முகத்தின்மேல் கண்ணாடி போன்ற ஜெல்லைப் பிரஷால் தடவ வேண்டும். காய்ந்தால் பிரஷ் இழுத்த கோடு மட்டும் தெரியும், பெயின்டால் வரைந்த மாதிரியே இருக்கும். பின்பக்கம் 'கையால் வரையப்பட்டது' என்று ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒரு நாளைக்கு முப்பது முகம் தடவினேன். கன்னத்தின் வளைவோடு பிரஷ் போக வேண்டும், இல்லாவிட்டால் பொய் தெரிந்துவிடும். அதை நான் நன்றாகச் செய்தேன் என்று மேனேஜர் பாராட்டினார். ரம்யா என் அனுபவம் என்று கேட்டது இந்த வேலையைத்தான் என்று நினைக்கிறேன். அவள் வந்தபிறகு வேறு எதையும் அங்கே பார்த்திருக்கமாட்டாள்.

அவள் போன் செய்த அன்று எழுத உட்கார்ந்தேன். ஆணி வந்த இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. அந்தப் பொய்யை யாரிடம் சொன்னேனோ அவரிடமே போய்த் திரும்ப எடுக்காமல் காகிதத்தில் எழுதி என்ன பிரயோஜனம் என்று தோன்றியது. மறுநாள் காலையில் விழுப்புரம் போனேன்.

டீச்சர் இருந்தார். கோல் ஊன்றி நடக்கிறார், ஆனால் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டார். பால் ஊற்றுகிற பெண் ஹாலில் அதே இடத்தில் இருந்தாள். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்ங்க டீச்சர். அது ஆணின்னு எனக்குத் தெரியும். சூப்பர்வைசர் மூடச் சொன்னாரு. நான் மூடுனேன். மூஞ்சி போட வெக்கிறேன்னு சொன்னாரு, அதுக்காகப் பழிய ஏத்துக்கினேன்."

"தெரியும். உக்காருங்க" என்றார்.

பேத்தியைக் கூப்பிட்டுக் காபி போடச் சொன்னார். பிறகு எதிர்ச் சுவரைக் காட்டினார். அங்கே அவர் வீட்டுக்காரரின் போட்டோ, மாலையோடு. சின்னப் படத்தைப் பெரிதாக்கி எடுத்தது. கண்ணும் மூக்கும் கலங்கிக் கிடந்தன.

"அவரோடது இந்த ஒரு போட்டோதான் இருக்கு. இதை ஆயில்ல வரைஞ்சு தரச்சொல்லி அன்னைக்கு உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். அந்தச் சுவரைப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணியிருந்தேன். சுவரையே இப்படிப் பார்க்கிறவங்க ஒரு மூஞ்சியை எப்படிப் பார்ப்பாங்கன்னு."

"ஏன் டீச்சர் கேக்கல?"

"மூணு தடவை மாத்தி மாத்திக் கேட்டேனே, ஏன் மூடினீங்கன்னு. கண்ணால பார்த்ததைப் பார்க்கலைன்னு சொல்றவங்க கையில அவர் மூஞ்சியைக் குடுக்கப் பயமா இருந்துச்சு."

ஒரு முகத்துக்காக நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். வரவேண்டிய ஒரே முகம் அதே வீட்டில், அதே ஹாலில், என் முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று தடவை கேட்டிருக்கிறார். மூன்று தடவையும் நானே கதவைச் சாத்தியிருக்கிறேன்.

"இப்ப போட்டுத் தரட்டுங்களா டீச்சர்?" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல எத்தனை மூஞ்சி போட்டிருப்பீங்க மேரி?"

நாலு வருஷமாக மூஞ்சி செக்ஷன்தான் என்று சொல்லியிருக்கலாம். கூடத்தின் ரெக்கார்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு முப்பது என்றால் கணக்கே கிடையாது.

"ஒன்னுகூடப் போட்டதில்லங்க டீச்சர்" என்றேன்.

டீச்சர் தலையை ஆட்டினார். "காபி ஆறுது, குடிங்க" என்றார். போட்டோவை அவர் கழற்றவில்லை.